கௌடாவில் கூட்டமில்லாத கிறிஸ்துமஸ்

வணக்கம்.

நானும் மனைவியும் பெர்லினில் இருக்கிறோம். இங்குள்ள கிறிஸ்துமஸ் சந்தைகளின் நெரிசல் அலுத்துவிட்டது. இம்முறை டிசம்பர் 22 முதல் ஜனவரி 2 வரை நெதர்லாந்தின் கௌடாவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். சமைப்பது, நடப்பது, படிப்பது, இவ்வளவுதான் திட்டம். மாட்டிறைச்சியும் பன்றியும் சாப்பிடமாட்டோம். கடைகள் எப்போது மூடும், எதை முன்பே வாங்க வேண்டும், ஊரில் எதைத் தவறவிடக்கூடாது?

ர., பெர்லின்

அன்புள்ள ர.,

தேதிகளை நன்றாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். டச்சுக் குழந்தைகள் பரிசுக்குக் காத்திருப்பது சின்டர்கிளாஸ் என்னும் புனித நிக்கோலஸுக்காக, டிசம்பர் 5 மாலை. அந்த ஆரவாரம் அதோடு முடிந்துவிடும். கௌடாவில் பெருங்கூட்டம் சேர்வது மாத நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் மையத்தில் விளக்குகளை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் விழாவன்று. 1956இல் தொடங்கிய வழக்கம் அது. அன்று சந்தைச் சதுக்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. நீங்கள் வருவதற்குள் கூட்டம் கலைந்திருக்கும். நார்வேயின் கோங்ஸ்பெர்க் நகரம் அனுப்பும் பெரிய மரம் மட்டும், 15ஆம் நூற்றாண்டு நகர மண்டபத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

கடை விஷயத்தில் ஒரே கெடு, 24ஆம் தேதி பிற்பகல். அன்று எல்லாக் கடைகளும் வழக்கத்தைவிட முன்னதாகவே மூடும். 25, 26 இரண்டும் விடுமுறை. 26 அன்று சில சூப்பர்மார்க்கெட்டுகள் சில மணி நேரம் திறக்கும், அதை நம்பி இருக்கவேண்டாம். (அன்று திறந்திருக்கும் மற்றொன்று மரச்சாமான் கடை. கிறிஸ்துமஸின் மறுநாள் குடும்பத்தோடு சோபா பார்க்கப் போவது டச்சுக்காரர்களின் விசித்திரமான பொழுதுபோக்கு.) 23, 24 தேதிகளில் வரிசை நீளும், ஆகவே 22 மாலையே வாங்கிவிடுங்கள். பாதாம் விழுது வைத்த கெர்ஸ்ட்ஸ்டொல் ரொட்டியையும் அப்போதே எடுத்துவையுங்கள். விரற்கடை கனத்துக்கு வெட்டி, வெண்ணெய் தாராளமாகத் தடவிச் சாப்பிடுவது முறை.

25 அன்று பெரும்பாலான வீடுகளில் இரவுச் சாப்பாடு குர்மெட்டன்தான். மேசை நடுவில் மின்தகடு, ஆளுக்கொரு சின்ன வாணலி, அவரவர் சமையல் அவரவர் கையில். இரண்டு மணி நேரம் மெதுவாகப் போகும். இருவருக்கு இதைவிடப் பொருத்தமான விருந்து கிடையாது. வீட்டுக்காரரிடம் இந்த மின்தகட்டு அடுப்பு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். கறிக்கடையில் குர்மெட்டனுக்கான இறைச்சித் தட்டு ஆர்டர் செய்தால் அடுப்பை இரவல் தருபவர்களும் உண்டு. ஆனால் தயார் தட்டுகளில் பன்றியும் மாடும் கலந்தேயிருக்கும்; கோழி, சால்மன், இறால் ஆகியவற்றைத் தனியாக வாங்குங்கள். ஆளுக்கு 200 முதல் 250 கிராம் போதும். கோழியை 1 செ.மீ.க்கு மேல் தடிமன் விடாதீர்கள், வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். வெண்ணெய் போட்டால் சீக்கிரம் கருகிப் புகையும், எண்ணெய் நல்லது. இது சும்மா சொல்வதல்ல: 2022 ஜூலை 1 முதல் அங்கே வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிப்பான் கட்டாயம். ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தே ஆரம்பியுங்கள். அடுப்பையும் தண்ணீர்க் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்து 3,500 வாட் வரை இழுக்கும்.

தவறவிடக்கூடாதது சின்ட் யான் தேவாலயம். 123 மீட்டர் நீளம், நாட்டிலேயே நீளமானது. ஆனால் போக வேண்டியது கண்ணாடி ஓவியங்களுக்காக. சிறந்தவற்றில் பலவற்றை டிர்க், வௌட்டர் கிராபெத் சகோதரர்கள் 1555இலிருந்து 1571 வரை செய்தார்கள். 7ஆம் எண் ஜன்னல், அப்போது நெதர்லாந்தையும் ஆண்ட ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கொடை, 1557. 22ஆம் எண் ஜன்னலுக்குக் கொடை தந்தவர், பின்னர் டச்சுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சின் வில்லியம்; முடித்தது 1567இல். அடுத்த ஆண்டே அவர் அந்த மன்னருக்கு எதிராகப் படை திரட்டினார். இரண்டு ஜன்னல்களும் இன்றுவரை ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 1566இல் பல ஊர்களின் தேவாலயங்களில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் சிலைகளையும் படங்களையும் உடைத்தபோது, இங்கே அதுவரை செய்திருந்த ஜன்னல்கள் தப்பின. கடைசியில் 1603இல் செய்த 25ஆம் எண்ணைப் பாருங்கள்: ஸ்பானியப் படை லெய்டன் நகரத்தை முற்றுகையிட்டு விலகிய காட்சி, ஸ்பெயினை எதிர்த்து எழுந்த புது ஆட்சியின் சொந்தக் கதை.

நேரம் முக்கியம். டிசம்பர் கடைசியில் உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகை உயரத்தை எட்டுவதில்லை. மாலை நாலரைக்கு அஸ்தமனம். மூன்று மணிக்கு உள்ளே போனால் நிறங்கள் மங்கிவிடும். 11 முதல் 2க்குள் போங்கள். வெயில் நாளில் தெற்கு ஜன்னல்கள் தரையில் நிறத்தைக் கொட்டும். நுணுக்கம் பார்க்க மேகமூட்டமே மேல். தொலைநோக்கி எடுத்துப் போங்கள், கோட்டைக் கழற்றாதீர்கள். ஞாயிறுகளிலும் 25, 26 தேதிகளிலும் அது வழிபாட்டுக்கான இடம், சுற்றிப்பார்க்க 23, 24 அல்லது 27க்குப் பிறகு பாருங்கள். கௌடாவின் பழைய பாலாடைக்கட்டிச் சந்தையைத் தேடி அலையாதீர்கள், அது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மட்டுமே.

நடைக்கு ஊருக்கு வடக்கே ரேய்வைக் ஏரிகள். சதுப்பு நிலத்தில் மக்கிய செடிகளாலான கரியை எரிபொருளுக்காக வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் நின்று உருவானவை. காற்று வெட்டும், குடை உதவாது, மழைக்கோட்டு வேண்டும். பனி விழும் என்று எதிர்பார்க்காதீர்கள், 5 பாகையும் தூறலுமே வழக்கம். ஓடைகளில் ஐஸ் படர்ந்திருந்தாலும் அதன்மேல் ஏறாதீர்கள். சைக்கிள் எடுத்தால், இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு சட்டப்படி அவசியம். ரயிலில் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், இறங்கும்போதும் தட்ட மறந்தால் 20 யூரோ போகும்.

31 இரவு மட்டும் அமைதி கெடும். வாணங்களைத் தடைசெய்யும் சட்டம் 2025இல் நிறைவேறிவிட்டது, அதற்காக வெடியே கேட்காது என்று எண்ணாதீர்கள். ரயில்கள் இரவு எட்டு மணி வாக்கில் நின்றுவிடும். வீட்டிலேயே ஓலிபொல்லன் சுடுங்கள், எண்ணெயில் பொரிக்கும் டச்சுப் புத்தாண்டு உருண்டைகள். மைதா 250 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மி.லி., உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் (7 கிராம்), முட்டை ஒன்று, உப்பு 5 கிராம், திராட்சை 75 கிராம். பால் சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். ஊறவைத்த திராட்சையைத் துணியில் ஒற்றி ஈரம் எடுங்கள், இல்லையென்றால் அதைச் சுற்றி மாவு வேகாது. போண்டா மாவைப்போல் கெட்டியாகக் கலக்கி, இருமடங்காகும்வரை ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். எண்ணெய் 180 பாகையில், எண்ணெயில் முக்கிய இரண்டு கரண்டிகளால் உருட்டிவிட்டு, நான்குக்கு மேல் ஒரே நேரத்தில் போடாமல், ஐந்தாறு நிமிடம். சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும், ஏறினால் நடுவில் மாவு பச்சையாக இருக்கும். மேலே சர்க்கரைப் பொடி.

ஆறிய எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக் குழாயை அடைக்காதீர்கள். பாட்டிலில் மூடிவைத்து, 2ஆம் தேதி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சூப்பர்மார்க்கெட்டின் எண்ணெய் சேகரிப்புத் தொட்டியில் போட்டுவிடுங்கள். 1ஆம் தேதி கடை திறக்காமலும் இருக்கலாம்.