சீழ்க்கை அடிக்கும் ஹீலியம்

கேள்வி: நுண்துளைகளால் இணைந்த இரு மீப்பாய்மத் (உராய்வின்றிப் பாயும் திரவம்) தொட்டிகளுக்கிடையே அழுத்த வேறுபாடு இருந்தும், திரவம் ஏன் முன்னும் பின்னுமாக ஆடுகிறது?

பதில்: இங்கே ஓட்டத்தைத் தீர்மானிப்பது இருபக்கக் குவாண்டம் அலைகளின் கட்ட வேறுபாடுதான், அதாவது ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு முந்தியிருக்கிறது என்பதுதான். அழுத்த வேறுபாடு நீடிக்கும்வரை அந்தக் கட்டம் ஏறிக்கொண்டே போகும். ஓட்டமோ அந்தக் கட்டத்தின் சைன்; கட்டம் ஏற ஏற அது நேர்மறைக்கும் எதிர்மறைக்கும் மாறி மாறிப் போகும். அதனால் திசை மாறி மாறி வருகிறது. ஹீலியத்தின் இலகுவான வகையான ஹீலியம்-3இல் இந்த ஆட்டத்தின் அதிர்வெண், ஒரு மில்லிபாஸ்கல் அழுத்த வேறுபாட்டுக்குச் சுமார் 185 ஹெர்ட்ஸ்.

ஒற்றைத் துளையின் ஓட்டம் மிக மெலிது. எனவே 1997இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 50 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் நைட்ரைடு சவ்வில் 65 வரிசை, வரிசைக்கு 65 என 4,225 துளைகள் இட்டார்கள். திரவத்தின் ஆட்டத்தை ஒலியாக்கி ஹெட்போனில் கேட்டதென்ன தெரியுமா? அழுத்தம் வடிய வடியச் சுருதி இறங்கும் சீழ்க்கை! எவ்வளவு அழகான சான்று!

துளை அளவில்தான் சிக்கல். சுவரருகே குலையும் மீப்பாய்ம ஒழுங்கு மீள்வதற்கான தூரத்தைவிடத் துளை மிகப் பெரிதானால் சைன் உறவு குலைந்துவிடும். ஹீலியம்-3இல் அத்தூரம் சுமார் 65 நானோமீட்டர். சாதாரண ஹீலியமான ஹீலியம்-4இல் வெறும் 0.1 நானோமீட்டர். ஆனால் ஹீலியம்-4 மீப்பாய்மமாக மாறும் வெப்பநிலையான 2.17 கெல்வினை நெருங்க நெருங்க அது நீள்கிறது. எனவே ஹீலியம்-4 சோதனையையும் அந்த வெப்பநிலைக்கு அருகிலேயே செய்ய வேண்டும்.