வெல்ஷ் மொழிக்கு மென்பொருளைப் பெயர்ப்பது: கேள்வி பதில்

வெல்ஷ் பேசுவோர் அனைவருக்கும் ஆங்கிலம் தெரியுமே, இந்த உழைப்பு எதற்கு ஐயா?

2021 கணக்கெடுப்பின்படி, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர். 2011 முதல் சட்டப்படி அது ஆட்சிமொழியும்கூட. ஆனால், நீங்கள் சொல்வதுபோல் ஆங்கிலம் கைவசம் இருப்பதால்தான், வாக்கியம் ஒன்று உறுத்தினாலும் பயனர் உடனே ஆங்கிலத் திரைக்கு மாறிவிடுவார்.

எங்கே அதிகம் உறுத்துகிறது?

ஊர்ப்பெயரைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று நிரலர் இடம்விட்டு எழுதும் வாக்கியங்களில். தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் இறுதியில் ஒட்டுகிறது. வெல்ஷிலோ முன்னே நிற்கும் இடைச்சொல் பெயரின் முதலெழுத்தையே மாற்றிவிடுகிறது. பாங்கோர் என்னும் ஊருக்குச் செல்வது ‘இ வாங்கோர்’, அந்த ஊரில் இருப்பது ‘அம் மாங்கோர்’. நிரல் கண்ணை மூடிக்கொண்டு ‘பாங்கோர்’ என்றே நிரப்பினால், ‘திண்டுக்கல்-இல்’ என்று நம் திரைகளில் பார்த்துச் சலித்த அதே அவலம்தான். நிரலை மாற்ற இயலாதபோது ‘இடம்: பாங்கோர்’ என்று பெயரைத் தனியே நிறுத்துவதே நடைமுறைத் தீர்வு, அழகில்லை, ஆனால் பிழையும் இல்லை.

எண்களிலும் சிக்கல் உண்டா?

உண்டு. தமிழுக்கு ஒருமை, பன்மை என 2 வடிவங்கள் கொடுத்தால் போதும். வெல்ஷுக்கு 0, 1, 2, 3, 6, ஏனையவை என 6 வடிவங்கள் வேண்டும், ஏனெனில் சில எண்களும் பின்வரும் சொல்லின் முதலெழுத்தை மாற்றுகின்றன.

புதிய கலைச்சொற்களை மக்கள் ஏற்கிறார்களா?

கணினிக்கான சொல், நம்முடையதைப் போலவே, கணக்கிடுதல் என்னும் பொருளிலிருந்து பிறந்து நிலைத்துவிட்டது. நுண்ணலை அடுப்புக்கு ‘மெய்க்ரோதோன்’ என்ற முறையான சொல் இருந்தும், ‘பொப்டி பிங்’, அதாவது ‘பிங்’ என ஒலிக்கும் அடுப்பு, என்ற வேடிக்கைப் பெயரே ஊரெங்கும் பரவியிருக்கிறது. கையேட்டில் முன்னதையே எழுதுவேன். பேச்சில் பின்னதைத் திருத்தமாட்டேன்.

சிறு அறிவிப்புக்கும் சரிபார்ப்பவர் தேவையா?

2008இல் வேல்ஸின் ஸ்வான்சி நகராட்சியினர், கனரக வாகனங்களைத் தடுக்கும் சாலைப் பலகைக்கு மின்னஞ்சலில் வெல்ஷ் மொழிபெயர்ப்புக் கேட்டார்கள். உடனே வந்த தானியங்கிப் பதிலை அப்படியே பொறித்துச் சாலையில் நட்டுவிட்டார்கள். வெல்ஷில் அதன் பொருள்: ‘நான் தற்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியவற்றை அனுப்புங்கள்.’

பயனரை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா?

வெல்ஷிலும் ‘தி’, ‘ஹி’ என இரண்டும் உண்டு. பொதுச் சேவைக்கு மரியாதைப் பன்மையான ‘ஹி’ பொருந்தும். சிறுவர் செயலிக்குத் ‘தி’ போதும். பொத்தான்களில் ‘சேமி’யா, ‘சேமிக்கவும்’ஆ என்று நாம் தடுமாறுவதுபோல் அவர்களும் தடுமாறுவதுண்டு, ஏவலைத் தவிர்த்து, ‘சேமித்தல்’ போன்ற தொழிற்பெயரை வைத்தால் இந்தக் கேள்வியே எழாது.