மண்ணில் சிலிக்கான் கொட்டிக் கிடக்கும்போது உயிர் ஏன் கார்பனைப் பிடித்துக்கொண்டது?

பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சிலிக்கான் சுமார் 28 சதவீதம். கார்பன் ஒரு சதவீதம்கூடத் தேறாது. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள்தான். அப்படியிருந்தும் நம் உடம்பின் எடையில் ஏறக்குறைய 18 சதவீதம் கார்பன். ஆக, ‘நான்கு பிணைப்பு போடும், அதனால்தான்’ என்ற பள்ளிக்கூடப் பதில் பாதிதான் சரி.

விஷயம் பிணைப்பின் பலத்தில் இருக்கிறது. கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்கு (வேதியியலில் அணுக்களையும் பிணைப்புகளையும் எண்ணும் அலகு) சுமார் 346 கிலோஜூல் வேண்டும். கார்பன்-ஆக்சிஜனுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான், சுமார் 358. அதனால் கார்பன் சங்கிலி காற்றிலும் நீரிலும் தாக்குப்பிடிக்கும், தேவைப்பட்டால் மாறவும் செய்யும். சிலிக்கான்-சிலிக்கானை உடைக்கச் சுமார் 222 போதும். ஆனால் சிலிக்கான்-ஆக்சிஜனுக்கோ சுமார் 452! ஆக்சிஜனைக் கண்டால் சிலிக்கான் சங்கிலி கலைந்து அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு லேசில் விடாது. மீத்தேனை எரிக்கத் தீக்குச்சி வேண்டும். அதன் சிலிக்கான் பங்காளியான சிலேன், காற்றுப் பட்டாலே தானாகப் பற்றிக்கொள்ளும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கழிவுக் கணக்கு. கார்பன் எரிந்தால் கிடைப்பது நீரில் கரையும் வாயு. ரத்தத்தில் ஏறி மூச்சில் வெளியேறும், இலைகள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சிலிக்கான் எரிந்தால் மிஞ்சுவது சிலிக்கா, அதாவது மணல். மூச்சுக்கு மூச்சு மணலையா தள்ளுவது?

அதற்காக உயிர்கள் சிலிக்கானை ஒதுக்கிவிடவில்லை. நெல் இலையின் விளிம்பு கையைக் கீறுகிறதே, அது சிலிக்காவின் வேலை. உமிச் சாம்பலில் பெரும்பகுதியும் அதுதான். டயாட்டம் பாசிகள் தங்கள் ஓடுகளையே அதில் கட்டுகின்றன. ஆனால் அந்த ஓட்டுக்குள் இருக்கும் டிஎன்ஏவும் புரதமும் கார்பன் சேர்மங்களே.