படிக்கட்டுக்கு முதலில் இடம் விடுங்கள்

ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் மனையில் மாடுலர் முறையில், அதாவது ஒரே அளவுப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, சிறிய வீடு கட்ட முடியுமா, சுற்றுச்சூழலுக்கும் கைப்பணத்துக்கும் அது ஒத்துவருமா, கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியை வீடாக்கும் கன்டெய்னர் வீடு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மாடுலர் முறையில் தாராளமாகக் கட்டலாம். கன்டெய்னர் மட்டும் வேண்டாம்.

இருபதடிக் கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர். ஒரே அறை உள்ள வீட்டில் அந்த அறைக்குக் குறைந்தது 2.4 மீட்டர் அகலம் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. சித்திரை வெயிலில் இரும்புத் தகட்டுக்குள் குடியிருக்க வேண்டுமென்றால் உட்புறம் வெப்பத்தடுப்புப் பலகை அடித்தாக வேண்டும். அடித்தால் அகலம் இன்னும் குறையும். கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? எல்லாவற்றையும்விட, அந்தப் பெட்டி வளராது. குடும்பம் வளரும்.

நான் கட்டடப் பொறியாளர். ஆனாலும் இந்தப் பாடத்தை எங்கள் வீட்டில்தான் படித்தேன். மதுரை செல்லூரில் அப்பா தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில் 1991இல் ஒன்றரை சென்ட் மனையில் ஓர் அறையும் அடுப்படியும் கட்டினார். பின்னால் மாடி எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் பில்லர் கம்பிகளை இரண்டடி நீட்டி விட்டுவைத்தார். தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் அந்தக் கம்பிகள் தெரியும். பணம் வரவர வீட்டை வளர்ப்பது நம் மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்த வழக்கம்.

பதினொரு வருடம் கழித்து, அக்காவின் கல்யாணத்துக்கு முன்னால் மாடி எடுத்தோம். அப்போதுதான் படிக்கட்டுக்கு இடமே விடவில்லை என்பது உறைத்தது. அடுப்படியில் பாதியை இடித்தோம். கழிவறை பின் மூலையில் இருந்ததால் மாடிக் கழிவறைக்கான குழாயைப் படுக்கிற அறை வழியாக இறக்க வேண்டியதாயிற்று. இடித்த கூலிக்கும் குழாய்க்கும் போன பணத்தில் இன்னோர் அறைக்குத் தளம் போட்டிருக்கலாம். அதற்குப் பிறகு அம்மா ஒருக்களித்து நின்றுதான் சமைத்தார். அந்த வருடங்களை என்னால் மறக்க முடியவில்லை.

பிற்பாடு சிலி நாட்டின் இக்கிகே நகரில் கட்டிய கின்டா மொன்ராய் குடியிருப்பைப் பற்றிப் படித்தபோது எங்கள் அடுப்படிதான் நினைவுக்கு வந்தது. நகரத்தின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் சுமார் 100 குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகக் குடிசை போட்டு வாழ்ந்துவந்தன. அரசு மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலத்தின் விலை, குடிநீர், சாக்கடை, வீடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஊருக்கு வெளியே மலிவான நிலத்துக்கு அனுப்பினால் வேலையும் பள்ளியும் கைவிட்டுப் போகும். கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அராவெனாவின் எலமென்டல் குழு 2004இல் அதே இடத்தில் வீட்டுக்கு 36 சதுர மீட்டர் மட்டும் கட்டிக்கொடுத்தது. பக்கத்தில் வெற்றிடம் விட்டது. அதையும் நிரப்பினால் வீடு சுமார் 70 சதுர மீட்டர் ஆகும். பாதி வீட்டுக்குத்தான் பணம் என்றானபோது எந்தப் பாதியைக் கட்டுவது என்பதில்தான் அவர்களுடைய அக்கறை தெரிகிறது. குடும்பம் தானாகச் சரியாகக் கட்டிக்கொள்ள முடியாததைக் கட்டினார்கள்: கட்டுமானச் சட்டகம், பொதுச்சுவர், படிக்கட்டு, குளியலறை, சமையலறை. எல்லாமே வளர்ந்து முடிந்த வீட்டுக்கு ஏற்ற அளவில். அராவெனாவுக்கு 2016இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. அதே ஆண்டு இத்தகைய நான்கு திட்டங்களின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்.

நம் சென்னையில் இதற்கு வெகு முன்பே ஒரு வழி தொடங்கியது. 1977இல் உலக வங்கிக் கடனில் வந்த திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் தெரு, தண்ணீர், சாக்கடை போட்டு மனை பிரித்துக் கொடுத்தார்கள். பெரிய மனைகளுக்குக் கூடுதல் விலை வைத்து, சின்ன மனைகளின் விலையைத் தாங்கினார்கள். வீட்டைக் குடும்பங்களே வளர்த்தன.

தொழிற்சாலையில் வார்த்த பாகங்களைக் கோத்துக் கட்டுவதும் நம்மிடம் இருக்கிறது. சென்னைப் பெரும்பாக்கத்தில் 2022இல் திறந்த ‘லைட் ஹவுஸ்’ என்ற அரசு வீட்டுத் திட்டத்தின் 1,152 வீடுகள் அப்படிக் கட்டியவைதான். வேகமான முறை, ஆனால் அடுக்குமாடிக்கு உரியது. எட்டடிச் சந்துக்குள் கிரேன் வராது.

ஆகவே சந்துக்குள் இருக்கும் மனைக்கு, ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாளும் கையாளக்கூடிய மாடுலர் முறைதான் வேண்டும். கழிவறை, குளியலறை, அடுப்படி மூன்றையும் ஒரே சுவரில் சேருங்கள். மாடியில் வருவதும் அதற்கு நேர் மேலே வரட்டும். குழாய் எல்லாம் ஒரே இடத்தில் இறங்கும். அதை ஒட்டி, பக்கச் சுவரோரம் படிக்கட்டு. இன்று படி கட்டப் பணம் இல்லையென்றாலும் அந்த இடத்தில் எதையும் கட்டாதீர்கள். கடைக்காலை மட்டும் மாடிக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். அறைகள் எல்லாம் ஒரே அளவாக, பத்துக்குப் பதினொன்று என்று வைத்துக்கொண்டால் கம்பிக் கணக்கும் சென்ட்ரிங் தகடும் ஒவ்வொரு முறையும் அதேதான். பின்னால் கதவு வரப்போகும் இடத்தில் இப்போதே லின்டல் (கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம்) போட்டு, அதன் கீழே கல் அடைத்துவையுங்கள். நீட்டி விட்ட கம்பியை வெறுமனே விடாமல் சிமெண்ட் குறைவான மெலிந்த கலவை போட்டு மூடுங்கள். எங்கள் வீட்டுக் கம்பி துருப்பிடித்துப் பாதி கனமாகியிருந்தது.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு என் முதல் தேர்வு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவே காற்றுப்பை விட்டுக் கட்டுவதால் கால்பங்கு கல் மிச்சம், சுவரும் சூடேறாது. கோணல்மாணலான நாட்டுக்கல் இதற்கு உதவாது, அளவு சீரான சேம்பர் கல் வேண்டும். உங்கள் மண்ணில் மணல் கலப்பு இருந்தால் ஆரோவில்லில் செய்வதுபோல ஐந்து சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண்கல்லும் நன்றாக இருக்கும். அதற்குச் சூளையே வேண்டாம். கரிசல் மண்ணென்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மனையின் நீள அகலம், தெரு எந்தத் திசையில் இருக்கிறது, சாக்கடை இணைப்பு எந்தப் பக்கம் என்ற மூன்றையும் எழுதுங்கள். படிக்கட்டும் குழாய்ச் சுவரும் எங்கே வர வேண்டும் என்று வரைந்து போடுகிறேன்.