அப்பா வரைந்த படம், பத்திரிகை விற்கும் நாட்காட்டி

கேள்வி: என் தந்தை 1970, 80களில் ஒரு வார இதழின் தொடர்கதைகளுக்குக் கறுப்பு மையில் படம் வரைந்தவர். சம்பளம் கிடையாது, படத்துக்கு இவ்வளவு என்று சன்மானம். 2009இல் காலமானார். இப்போது அந்த நிறுவனம் அவருடைய கையெழுத்தை வெட்டிவிட்டு, படங்களை நாட்காட்டியாக அச்சிட்டு விற்கிறது. மூல ஓவியங்களும் வெளியே விலைபோகின்றன. எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: வலுவாக வாதாட இடம் இருக்கிறது. ‘காசு கொடுத்தோம், படம் எங்களுடையது’ என்றுதான் நிறுவனம் பதில் அனுப்பும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஓவியராக இருந்திருந்தால்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 17ஆம் பிரிவு பத்திரிகை முதலாளிக்குத் தருவது இதழில் வெளியிடும் உரிமையை மட்டுமே. மற்ற எல்லாவற்றுக்கும் ஓவியரே முதல் உரிமையாளர். நாட்காட்டி பத்திரிகை ஆகாது.

சிக்கல் ஒன்று உண்டு. பணம் கொடுத்து வரையச் சொன்ன வண்ண ஓவியம், உருவப்படம் ஆகியவற்றின் உரிமை வரையச் சொன்னவருக்கே என்றும் அதே பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் 2ஆம் பிரிவு வண்ண ஓவியத்தையும் கோட்டோவியத்தையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. 17இன் அந்த வரியில் கோட்டோவியம் இல்லை. நிப்பை மையில் தொட்டு இழுத்த கோடுகள் கோட்டோவியமே. நான் வழக்காடினால் இந்த இடத்தில்தான் நிற்பேன். வண்ண அட்டைப்படங்கள் இருந்தால் தனியே பிரித்து வையுங்கள். அங்கே உங்கள் கை சற்றுத் தாழும்.

உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். ஆகவே பழைய சன்மான வவுச்சர்களைத் தேடுங்கள். ‘சகல உரிமைகளும்’ என்ற முத்திரைக்குக் கீழே அப்பா கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. அப்போதும் படைப்பாளி இன்னார் என்று உரிமை கோரும் 57ஆம் பிரிவு விற்பனையோடு போய்விடாது. மூலையில் இருந்த கையெழுத்தை வெட்டியதற்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

மூல ஓவியத்தை வாங்கியவர் அந்தத் தாளுக்குத்தான் சொந்தக்காரர். அச்சிடும் உரிமை அவருக்கு வராது. மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால், தந்தை முதல் உரிமையாளராக இருக்கும்பட்சத்தில், 10 சதவீதம் வரை பங்கு கேட்க 53-ஏ பிரிவு வழிவிடுகிறது. யாரும் தேடிவந்து தர மாட்டார்கள், கேட்க வேண்டும்.

உரிமை 2069 டிசம்பர் 31 வரை உயிரோடிருக்கும். பதிவு செய்யாதது குறையல்ல. நாட்காட்டி ஒன்றை பில்லோடு வாங்குங்கள், படம் முதலில் வெளிவந்த இதழைத் தேடி எடுங்கள், வாரிசுச் சான்றிதழோடு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். மீறல் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும் என்பதால், முதல் நாட்காட்டி எந்த ஆண்டு வெளிவந்தது என்று இன்றே விசாரியுங்கள்.