மேடையை விட்டுப் போனவள் எங்கே போனாள்?

அன்புள்ள அக்காவுக்கு,

ஊட்டியில் விடுதியில் தங்கி ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு தேவாலா பக்கம். இந்த செமஸ்டரில் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகம் பாடம். தோழி ஒருத்தி லிசா க்ளைன் எழுதிய ‘ஒபீலியா’ நாவலைக் கொடுத்தாள். ஹாம்லெட்டின் கதையை அதில் அவன் காதலி ஒபீலியாவே சொல்கிறாள். ஊருக்குப் போகும் பஸ்ஸில் படிக்க ஆரம்பித்தேன், நடுவட்டம் வந்ததே தெரியவில்லை. வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது ஆசிரியர், “மூலத்தைப் படிக்கத் தெம்பில்லாதவர்களுக்கான சரக்கு. ஷேக்ஸ்பியர் எழுதாததை எழுத இவர்கள் யார்?” என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் ஓர் ஆசை இருக்கிறது. என் பாட்டி சிலோன் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே மாசி மாதம் ஆடும் காமன் கூத்தின் பாட்டுகளில் பாதி இன்னும் அவருக்கு மனப்பாடம். சிவனின் தவத்தைக் கலைக்கக் காமன் கிளம்புவான். “கெட்ட கனவு கண்டேன், போகாதே” என்று ரதி கெஞ்சுவாள். அவன் போவான், எரிவான், அவள் அழுவாள். ரதிக்குப் பதினேழு வயசு என்று வைத்துக்கொண்டு, அவளே சொல்வதுபோல ஒரு நாவல் எழுத நினைக்கிறேன். பாட்டியோ “சாமி கதையில கை வைக்காதே” என்கிறார். எழுதலாமா? எழுதினால் முடிவை மாற்ற வேண்டுமா? அந்த நாவலில் ஒபீலியா சாகாமல் தப்பித்துவிடுகிறாளே, அந்த மாதிரி?

ஒரு வாசகி, தேவாலா

*

அன்புள்ள தங்கைக்கு,

எழுதுங்கள். முடிவை மாற்ற வேண்டாம்.

முதலில் உங்கள் ஆசிரியரின் கேள்வி. ஹாம்லெட்டின் கதை ஷேக்ஸ்பியருடைய சொந்தக் கற்பனை அல்ல. அவருக்குச் சுமார் 400 ஆண்டுகள் முன்பே டென்மார்க்கின் சாக்ஸோ அதை லத்தீனில் எழுதிவிட்டார். அந்தக் கதையில் இளவரசன் பழிவாங்கிய பிறகும் உயிரோடு இருக்கிறான், அரசனாகவும் ஆகிறான். ஒபீலியாவின் இடத்தில் இருப்பது பெயர்கூட இல்லாத ஒரு பெண். ஷேக்ஸ்பியரிடம் வரும்போதுதான் அவளுக்குப் பெயரும் அப்பாவும் அண்ணனும் பாட்டும் கிடைக்கின்றன.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் கூர்மையானது. மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் சகுந்தலை, தனக்குப் பிறக்கும் மகன்தான் அடுத்த அரசன் என்று கல்யாணத்துக்கு முன்பே துஷ்யந்தனிடம் உறுதி வாங்கிக்கொள்பவள். பிள்ளையோடு அவள் சபையில் வந்து நிற்கும்போது அரசனுக்கு அவளை நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து, தெரியாதவன்போல் நடிக்கிறான். அவள் விடுவதாயில்லை, சபை நடுவிலேயே அவனைக் கேள்வி கேட்கிறாள். அங்கே மோதிரமும் கிடையாது, சாபமும் கிடையாது. இரண்டையும் கொண்டுவந்து, அரசன் மறந்ததற்கு ஒரு காரணம் செய்து கொடுத்தவர் காளிதாசர். மறைமலையடிகள் 1907ல் தமிழில் தந்த சாகுந்தல நாடகம் இந்த இரண்டாவது கதைதான். நாம் செவ்வியல் என்று கொண்டாடும் நாடகமே ஒரு பழைய கதையை வேறு பக்கத்திலிருந்து சொன்னது. அதுவும் அரசனின் பக்கத்திலிருந்து.

இளையோருக்காக நாடகத்தைக் கதையாக்கும் வேலையும் இன்று நேற்று வந்ததல்ல. ஷேக்ஸ்பியரின் இருபது நாடகங்களைக் கதைகளாக்கி மேரி லாம், சார்லஸ் லாம் என்ற அக்காவும் தம்பியும் 1807ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். பையன்களுக்கு அப்பாவின் புத்தக அலமாரி சீக்கிரமே திறந்துவிடுகிறது, பெண்பிள்ளைகளுக்கு அப்படியில்லை, எனவே இது முக்கியமாக அவர்களுக்கு என்று முன்னுரையே சொல்கிறது. பதினான்கு கதைகள் மேரி எழுதியவை. முதல் பதிப்பின் அட்டையில் இருந்தது சார்லஸின் பெயர் மட்டும். 2006ல் வந்த ‘ஒபீலியா’வை நான் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். மூலத்தைப் படிக்கத் தெம்பில்லாதவர்கள் என்கிறார் உங்கள் ஆசிரியர். ஆனால் மூலம் தெரிந்தவருக்குத்தான் இப்படிப்பட்ட நாவலில் பாதி ருசி.

சரி, இனி முடிவுக்கு வருகிறேன்.

நாடகம் வருவதும் போவதுமாக இருக்கும் ஒரு கலை. ஒருவர் உள்ளே வருகிறார், பேசுகிறார், வெளியே போகிறார். போனவர் எங்கே போனார் என்று நாடகம் கேட்பதில்லை, அதற்கு நேரமும் இல்லை. ‘ஹாம்லெட்’டில் இருபது காட்சிகள். ஒபீலியா வருவது ஐந்தில். அவள் வாழ்க்கையின் பெரிய சம்பவங்களோ ஒன்றுவிடாமல் மேடைக்கு வெளியே நடக்கின்றன. கலைந்த உடையோடு ஹாம்லெட் அவள் அறைக்குள் வந்து, கையைப் பிடித்தபடி பேசாமல் பார்த்துவிட்டுப் போகிறானே, அதை நாம் பார்ப்பதில்லை. அவள் ஓடிவந்து அப்பாவிடம் சொல்வதைத்தான் கேட்கிறோம். அந்த அப்பாவை ஹாம்லெட் கொன்றுவிடுகிறான். அந்தச் செய்தியை அவளிடம் யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள்? காட்சி இல்லை. அடுத்து அவள் வரும்போது புத்தி பேதலித்துப் பாடிக்கொண்டு வருகிறாள். அவள் ஆற்றில் மூழ்கியதும் அரசியின் வாயால் வரும் செய்திதான். அரசி பூக்களின் பெயரைச் சொல்கிறாள், உடை மிதந்ததைச் சொல்கிறாள், அவள் பாடிக்கொண்டிருந்ததைக்கூடச் சொல்கிறாள். இவ்வளவையும் பார்த்தவர் யார்? பார்த்தவர் ஏன் கை கொடுத்துத் தூக்கவில்லை?

நாவலாசிரியருக்கு இதற்குமேல் இடம் வேண்டுமா? ஷேக்ஸ்பியரின் ஒரு வரியைக்கூடத் தொடாமல் முந்நூறு பக்கம் எழுதலாம். லிசா க்ளைனின் நாவல் என்னைக் கட்டிப்போடுவதும் இந்த இடங்களில்தான், அரண்மனைக்குள் அவள் காதும் கண்ணும் மட்டுமாக இருக்கும்போது. இறந்ததுபோல் நடித்துத் தப்பி, கன்னிமாடத்தில் அடைக்கலம் புகுந்த பிறகு எனக்கு ஆர்வம் தளர்ந்துவிட்டது. அவள் பிழைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நாடகம் அவளை நெருக்கிக்கொண்டே வந்ததே, அந்த நெருக்கடி அதோடு போய்விடுகிறது. அதன்பிறகு அவள் யாரோ ஒரு பெண்.

டாம் ஸ்டாப்பர்டின் ‘ரோசன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டெர்ன் ஆர் டெட்’ நாடகத்தையும் நூலகத்தில் தேடிப் படியுங்கள். ஹாம்லெட்டின் சிறுவயதுத் தோழர்கள் இருவரை நடுவில் வைத்து எழுதியது, 1966ல் எடின்பரோவில் முதலில் அரங்கேறியது. அவர்கள் சாகப்போகிறார்கள் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் காட்சிகள் நடுநடுவே அப்படியே வந்துபோகின்றன. மாறுவது ஒன்றே ஒன்று, நாம் நிற்கும் இடம். இளையோருக்கென்று எழுதியது அல்ல, ஆனால் உங்கள் வயதில் படித்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

இந்த வகை நாவல்கள் பலவற்றில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயசுப் பெண் முதல் பக்கத்திலேயே எல்லாம் புரிந்தவளாக இருக்கிறாள். அரசன் பொய்யன், அப்பா கோழை, காதலன் சுயநலக்காரன் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அவள் சரியாகத்தான் பேசுகிறாள், ஆனால் கதையில் எந்தத் துடிப்பும் இல்லை. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’டில் வரும் மிராண்டாவுக்குப் பதினைந்து வயசு. ஜூலியட்டுக்குப் பதினான்குகூட முடியவில்லை. அவர்களுக்குத் தெரியாததுதான் கதையே. படிக்கும் நமக்கு முடிவு தெரியும், சொல்கிறவளுக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பிவிடாதீர்கள்.

சகுந்தலையின் தோழிகள் அனசூயை, பிரியம்வதையை எடுத்துக்கொள்ளுங்கள். துர்வாசர் சபித்தது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் தாங்கமாட்டாள் என்று அவளிடம் மறைக்கிறார்கள். விடைபெறும்போது, அரசனுக்கு அடையாளம் தெரியாவிட்டால் இந்த மோதிரத்தைக் காட்டு என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். கூடப் போகவும் முடியாது, இவர்களும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள், அங்கே வருவது முறையல்ல என்கிறார் கண்வர். நான்காம் அங்கத்தோடு இருவரும் நாடகத்தை விட்டே போய்விடுகிறார்கள். மோதிரம் தொலைந்த செய்தி ஆசிரமத்துக்கு வந்த அன்று அந்த இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? இதை யாராவது தமிழில் எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

இப்போது உங்கள் ரதி. காளிதாசரின் குமாரசம்பவத்தில் ரதியும் காமனோடு தவம் நடக்கும் இடத்துக்கே போகிறாள், அவன் எரிவதைக் கண்முன்னால் பார்த்து மூர்ச்சையாகிறாள். நான்காம் சர்க்கம் முழுக்க அவள் புலம்பல்தான். உங்கள் பாட்டியின் பாட்டிலோ அவள் தடுக்கிறாள், அவன் போகிறான். அப்படியானால் அவள் வீட்டில் இருக்கிறாள். அவன் கிளம்பியதற்கும் செய்தி வந்ததற்கும் நடுவே எத்தனை நேரம்? அவள் கனவைப் பற்றி வேறு யாரிடம் சொன்னாள்? செய்தியை யார் கொண்டுவந்தார்கள்? இவற்றுக்குப் பாட்டு என்ன பதில் வைத்திருக்கிறது என்று பாட்டியிடமே கேளுங்கள். பாட்டு பதில் சொல்லாத இடத்திலிருந்து நீங்கள் தொடங்கலாம்.

அப்புறம் அந்த வரம். எரிந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்கிறதே நம் கதை, அதை நினைத்துப் பாருங்கள். ஊரின் கண்ணுக்கு அவள் தாலியறுத்தவள். அவளுக்கோ புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவள் சிரித்தால் ஊர் என்ன சொல்லும்? பூ வைத்துக்கொண்டால் என்ன சொல்லும்? அவன் இருக்கிறான் என்று சொன்னால் பெற்றவளே நம்புவாளா? பதினேழு வயசுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய தனிமை ஒன்றைக் கற்பனை செய்ய என்னால் முடியவில்லை. முடிவை ஏன் மாற்ற வேண்டும்? உங்கள் நாவலின் பாதி அந்த முடிவுக்குப் பிறகுதான் இருக்கிறது.

பாட்டியின் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் மாசியில் லாவணி பாடுகிறவர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதாடுவார்கள். சாமி கதைதான் அதுவும். கேட்டுக்கொண்டிருந்த சனங்கள் யாரும் அதைப் பாவம் என்று நினைக்கவில்லை. 1964ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து நீலகிரிக்கு வந்தவர்களோடு சேர்ந்து வந்த பாட்டு உங்கள் வீட்டில் ஒருவர் வாயில் இருக்கிறது. பேத்தி அதை எடுத்து எழுதுவதைவிடப் பெரிய மரியாதையை அந்தக் கதைக்கு யார் செய்துவிட முடியும்?

ஒரு வேலையை மட்டும் உடனே செய்யுங்கள். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது பாட்டியைப் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். ரதி வாய் திறக்கும் வரிகளை மட்டும் தனி நோட்டில், பாட்டி உச்சரிக்கிறபடியே எழுதுங்கள். புத்தகத் தமிழுக்கு மாற்றாதீர்கள். அவை கூத்தில் வரும் அதே வரிசையில், ஒரு சொல் மாறாமல், நாவலிலும் வரட்டும். மீதியை உங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் பெண்கள் பேசிக்கொள்கிற தமிழில் எழுதுங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா
கோத்தகிரி