படிப்பைப் பிள்ளைகள் கையில் விட்டால் உருப்படுமா?

உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களே தங்கள் படிப்பை நடத்துவது நடக்கிற காரியமா, அதனால் குணம் வளரும் என்கிறார்களே அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும். ஆனால் ஆசிரியருக்கு வேலை குறையும் என்று நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவன் நான். "உங்களுக்குப் பிடித்ததை, பிடித்த வரிசையில் படியுங்கள்" என்று பெருந்தன்மையாக அறிவித்து, முதல் இரண்டு மாதம் வகுப்பைச் சந்தைக்கடை ஆக்கிய அனுபவம் எனக்கு உண்டு. நன்றாகப் படிக்கிறவர்கள் எப்படியோ படித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எட்டு வாரமும் "திட்டம் போட்டுக்கொண்டே" இருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான், இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடினேன். பெர்லினில் 2007-ல் தொடங்கிய எவாங்கெலிஷெ ஷூலெ பெர்லின் த்சென்ட்ரும் என்ற பள்ளி கண்ணில் பட்டது. மார்கரெட் ராஸ்ஃபெல்ட் என்பவர் அதன் முதல் தலைமையாசிரியர். அங்கே 'சவால்' என்று ஒன்று இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகள் ஆளுக்கு 150 யூரோவோடு 3 வாரம் வெளியே கிளம்ப வேண்டும். பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் அதற்குள், திட்டமும் அவர்களுடையதே. இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு உறைத்தது அதுவல்ல, அந்தப் பள்ளியின் சாதாரண நாள். எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்று பிள்ளையே தீர்மானிக்கிறது. ஒரு பகுதியை முடித்துத் தயாரானதும் தேர்வு எழுதுகிறது. ஆனால் என்ன செய்தோம், என்ன செய்யவில்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒருவர் தவறாமல் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுகிறார். வாரத்தில் பொழுதை ஓட்டியவர்கள் சனிக்கிழமை காலை வந்து, விட்டுப்போனதைப் படிக்க வேண்டும். 'பொறுப்பு' என்று ஒரு பாடமும் உண்டு. அதற்குப் புத்தகம் கிடையாது. வெளியே போய் அடுத்தவருக்குப் பயன்படும் வேலை செய்வதுதான் பாடம்.

என் வகுப்பில் இல்லாமல் போனது அந்தக் குறிப்பேடுதான். மறுபடி தொடங்கியபோது அதிலிருந்து தொடங்கினேன். பொய் எழுதுவார்கள் என்று பயந்தேன், எழுதினார்கள். "இயற்பியல் 2 பாடம் முடித்தேன்" என்று எழுதியவனிடம் "ரொம்ப நல்லது, எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டு" என்றேன். திட்டவில்லை. அடுத்த வாரம் "அரைப் பாடம், அதுவும் சரியாகப் புரியவில்லை" என்று எழுதியிருந்தான். நீதிபோதனை வகுப்பில் நேர்மையைப் பற்றி நான் பேசிய எதுவும் அவனை அந்த வரியை எழுத வைத்ததில்லை.

நான் செய்து பார்த்த இன்னொன்று, பிள்ளைகளே பேசிப் படிப்பது. அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் எக்ஸிடர் அகாடமி என்ற உறைவிடப் பள்ளியில் 1930-ல் எட்வர்ட் ஹார்க்னெஸ் என்ற செல்வந்தர் கொடுத்த நன்கொடையால் வந்த முறை இது. ஏறக்குறைய 12 பேர் நீள்வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவர்களே விவாதிப்பார்கள். எங்களிடம் அந்த மேசை கிடையாது, இருக்கிற மேசைகளைச் சேர்த்துப் போட்டு, 32 பேரை மூன்று குழுவாக்கினேன். ஒரு தாளில் பெயர்களை வட்டமாக எழுதி, ஒருவர் பேசி இன்னொருவர் தொடரும்போது இரண்டு பெயருக்கும் நடுவே கோடு இழுப்பேன். என் வேலை அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அரை மணி நேரத்தில் ஒரு பையன் பெயரைச் சுற்றிச் சிலந்தி வலை. எதிரே மூன்று பெயர்களை ஒரு கோடுகூடத் தொடவில்லை. தாளை மேசை நடுவில் வைத்தேன். "சார், நான் இவ்வளவா பேசினேன்?" என்றான். அடுத்த முறை பேச வாயெடுத்தவன் நிறுத்திவிட்டு, எதிரே இருந்தவளிடம் "நீ என்ன நினைக்கிறே?" என்றான். அவள் "தெரியல" என்றாள். அன்றைக்கு அதோடு சரி. மூன்றாவது வாரம்தான் பேசினாள், அதுவும் அவன் சொன்னதற்கு நேர் எதிராக.

எல்லாவற்றையும் இப்படி நடத்த முடியும் என்று சொல்ல மாட்டேன். இருபடிச் சமன்பாட்டைப் பத்துப் பேர் கூடிப் பேசிக் கண்டுபிடிக்க முடியாது. புதிய விஷயத்தை முதல் தடவை கரும்பலகையில் போட்டுப் புரியவைத்துவிட்டுத்தான் நான் விலகுகிறேன்.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒவ்வொரு பிள்ளையோடும் 10 நிமிடம் பேசுவது என்றால், 32 பேருக்கு 5 மணி 20 நிமிடம். இந்த நேரத்தைப் பாடவேளை அட்டவணையில் ஒதுக்கித் தருவார்களா என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் தொடங்கி, ஒரு வருடம் முழுக்க மதிய உணவு இடைவேளையில் குறிப்பேடு பார்த்தேன்.